சின்ன கேட்டுக்கு ஒரு மானியம்

தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர் என்றால் கேட்பதுதான் வேலை. கிடைப்பது வேறு யாரோ பார்க்கிற வேலை. நீங்களும் எப்போதாவது ஒரு சங்கத்துக்கோ கோயில் கமிட்டிக்கோ செயலாளராகி, அரசாங்கத்திடம் மானியம் கேட்டுச் செருப்புத் தேய்ந்தவராக இருந்தால், இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒரே இனம்.

மலாய் நாட்டில், பெடாஸ் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். காலையில் மரம் சீவுவேன். சாயங்காலம் சங்க வேலை. அது வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்த அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளத்து லோரி, நடுவில் நாங்கள்.

உள்ளே வருவது சுலபம்

நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக முடியாது. பெண்களைச் சோதிப்பதற்கு ஒரு பெண் வருவாள். விடியலில் எங்களை அனுப்பிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவாள்.

மரம் சீவி முடித்தபின், கோப்பையில் ரப்பர் பால் இறங்கும்வரை கொஞ்ச நேரம் கை சும்மா இருக்கும். வேலி வருவதற்கு முன்பு, அந்த நேரத்தில்தான் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டிருக்கும் ஆயாக் கொட்டகைக்கு ஓடிவருவார்கள். பால் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். என் மனைவி லெட்சுமிக்கு அப்போது தலைப்பிள்ளை. இன்னும் குப்புற விழாத பெண்குழந்தை. பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அவளும் ஓடிவந்தாள். கேட்டில் காவல் நின்ற மாட் ஒரு மலாய்க்காரர், எங்களோடு பழகித் தமிழ் பேசுவார், நல்ல மனிதர். உள்ளே போனால் மறுபடி சோதிக்காமல் வெளியே விட முடியாது, சோதிக்கப் பெண் இல்லை, வேலை போய்விடும் என்று அவளுக்கு விளக்கினார். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, சுலபத்துக்கும் கஷ்டத்துக்கும் தன் மலாய் வார்த்தைகளையே போட்டுச் சொன்னார்: "அக்கா, உள்ளே வர சினாங். திரும்ப வெளியே போகத்தான் சூசா லா."

எதற்குப் பணம் இருக்கிறது

நாங்கள் கேட்டது ஒன்றும் பெரிதில்லை. ஆயாக் கொட்டகைப் பக்கமாக வேலியில் ஒரு சின்ன கேட். அங்கே நின்று சோதிக்க ஒரு பெண். தோட்ட நிர்வாகம் கையை விரித்துவிட்டு, சங்கங்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறதாமே, அங்கே போய்க் கேளுங்கள் என்றது. அரசாங்க ஆபீஸ் இருந்த சிரம்பானுக்குப் பஸ் ஏறினேன்.

ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர். தொழிலாளர் உரிமை, தாய் சேய் நலம் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்த வார்த்தைகளை அவர்முன் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வேலியா, விளக்கா, காவலா, எதுவானாலும் உடனே பார்க்கலாம் என்றார். பிள்ளைக்குப் பால் கொடுப்பது அதில் எதிலும் சேரவில்லை. நான் எழுந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னார்: "நலத்துக்குக் காசு இல்லைத் தம்பி. பயத்துக்குத்தான் இருக்கு."

யாருக்கு ஆபத்து

கூட்டம் போடவும் போலீஸ் அனுமதி வேண்டிய காலம் அது. அனுமதியோடு ஒரு போலீஸ்காரரும் வந்து மூலையில் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, நல்லவேளை. பிள்ளை பசியோடு கிடப்பதை எப்படிப் 'பாதுகாப்பு' ஆக்குவது என்று ஆண்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டோம். பயங்கரவாதி, வெடி, தீ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த குப்பம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவள் சொன்னதைத்தான் கடைசியில் ஆங்கிலமாக்கி அனுப்பினேன்: "நெஞ்சுல பால் கட்டிக்கிட்டு, புள்ள நெனப்புலயே சீவுனா கத்தி பட்டைய மீறி உள்ள போவுது. மரத்துக்கு ஆபத்துன்னு எழுதுங்க, தொரைங்க ஓடி வருவாங்க."

தோரணம் கட்டிய நாள்

ஓடித்தான் வந்தார்கள். மானிய அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் கிடைத்ததுமே எங்களை வேலை வாங்கும் பெருமாள் மண்டோரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பெரியவர் வருகிறார் என்றால் தோட்டத்தில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியாதா? சாக்கடைக்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்தோம்; கேட்டில் தென்னங்குருத்துத் தோரணம் கட்டினோம். தாய்மார்களுக்கெல்லாம் அன்று வேலை இல்லை என்று மண்டோர் சொல்லிவிட்டார். பூ வைத்து, நல்ல சேலை கட்டி, ஆளுக்கொரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பார்க்கக் கண் நிறைந்தது.

அதிகாரிக்கும் நிறைந்துவிட்டது. இவ்வளவு சந்தோஷமான தாய்மார்களை வேறெந்தத் தோட்டத்திலும் பார்த்ததில்லை என்று பாராட்டி, மாலையோடு ஜீப் ஏறினார். மானியம் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை! நான் வீட்டுக்கு வந்து கோபத்தில் குதித்தேன். லெட்சுமி என் பக்கம் திரும்பவே இல்லை. காலையிலிருந்து வேண்டும்போதெல்லாம் பால் குடித்துவிட்டு மடியில் தூங்கும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, தொர தெனமும் வந்தா நல்லா இருக்கும்ல?"

பார்ப்பதற்குச் சோதனை இல்லை

மறுபடி மனு, மறுபடி பஸ். இதற்குள் லெட்சுமி மண்டோரிடம் கெஞ்சி, கொட்டகை தெரிகிற மேட்டுக்காட்டு மர வரிசைக்கு மாறிக்கொண்டாள். அது சரிவான இடம், பழைய மரங்கள். யாரும் விரும்பிப் போகமாட்டார்கள். வேலிக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்பது சட்டம். அதனால் பால் இறங்கும் நேரத்தில் கடைசி மரத்தடியில் நின்று கொட்டகைக் கூரையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். உள்ளே பிள்ளை அழுதால் இங்கே ரவிக்கை நனையும். மத்தியானம் வீட்டுக்கு வந்து அதை அலசிக் காயப்போடுவாள். எனக்கு வேலியைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்றிருக்கும். செயலாளர் ஆயிற்றே, அடுத்த மனுவை எழுத உட்காருவேன்.

பிள்ளைகளுக்கு டின் பால் கரைத்துக் கொடுக்கிற பாக்கியம் ஆயா கடுகடுப்பான மனுஷி. அவளே ஒருநாள் எங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, லெட்சுமி பார்க்கும்படி இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாளாம். அதன்பிறகு தினமும் அப்படித்தான். நன்றி சொல்லப் போன என்னிடம் எரிந்து விழுந்தாள்: "பாத்துக்கட்டும் போ. பாக்கிறதுக்குச் சோதன இல்லல்ல."

திறப்பு விழா

பெரிய கிராணியிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: அதிகாரி வருகிற நாளை எங்களுக்குச் சொல்ல வேண்டாம். அவரும் சொல்லவில்லை. ஒருநாள் பால் இறங்கும் நேரத்துக்கு ஜீப் வந்து நின்றது. தோரணம் இல்லை, பூ இல்லை. கொட்டகைக்குள் பிள்ளைகள் கத்துவதையும், வேலிக்கு அந்தப் பக்கம் மரத்துக்கு ஒருத்தியாகத் தாய்மார்கள் நிற்பதையும் அவரே பார்த்தார். மானியம் கிடைத்தது. ஆனால் கம்பி வர மூன்று மாதம், பூட்டு வர மூன்று, சோதிக்கிற பெண்ணை நியமிக்க இன்னொரு மூன்று.

சின்ன கேட்டைத் திறந்த அன்று முதலில் உள்ளே ஓடியவள் லெட்சுமி. எங்கள் பெண் அப்போது நடந்துகொண்டிருந்தாள். கொட்டகை வாசலில் உட்கார்ந்து மாராப்பைத் தளர்த்திப் பிள்ளையைக் கூப்பிட்டாள் லெட்சுமி. அது வந்து, ஆச்சரியமாக அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்து, கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற ஆயாவிடமே ஓடிவிட்டது. லெட்சுமி மாராப்பைச் சரிசெய்துகொண்டாள். பக்கத்தில் புதிதாகப் பெற்ற ஒருத்தி தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், அதையே பார்த்திருந்துவிட்டு எழுந்தவள் என்னிடம் சொன்னாள்: "எம்புள்ள பசி மறந்துட்டா. எனக்குத்தான் இன்னும் மறக்கலங்க."

அரசாங்கம் கொடுக்காமல் இருப்பதில்லை நண்பர்களே, பிள்ளைகள் வளருகிற வேகத்தில் நடக்க அது இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.