எட்டாம் அடுக்கின் நாற்பத்திரண்டு

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பட்டப்பகல். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த எனக்கு வியர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இல்லை. யாரும் அதட்டவும் இல்லை. ஒரு தாளில் பத்துப் புள்ளிகள் போட்டிருந்தேன் — அவ்வளவுதான்.

நான் வகுப்புக்குப் போகிறேன் என்று இந்தப் பக்கத்தில் முன்பும் புலம்பியிருக்கிறேன். கிளிநொச்சியில், சனிக்கிழமைகளில், முகாமைத்துவ டிப்ளோமா. நாற்பத்தொன்பது வயதில் இது எதற்கு? அக்கராயனில் நாங்கள் நடத்தும் சிறிய விதைநெல் சங்கத்துக்கு நான்தான் முகாமையாளர். முடிவு எடுக்கிறவர்கள் கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். முடிவு எடுக்கிறவள் அங்கே நான் ஒருத்திதான். போகாமல் என்ன செய்வது?

பாடம் புள்ளிவிபரவியல். எங்கள் ஆட்களுக்கும் எண்களுக்கும் நல்ல உறவு இல்லை. கூடார இலக்கம், வரிசை இலக்கம், பதிவு இலக்கம் என்று, யுத்தம் முடிந்து முகாமில் இருந்த காலத்தில் எண்ணாலேயே கூப்பிடப்பட்டவர்கள் நாங்கள்...

பாடம் எடுக்கிற மிஸ்ஸுக்கு முப்பது வயது இருக்காது. "உங்கட வேலையிடத்திலை இருந்து ஏதாவது பத்து எண் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று வீட்டுவேலை தந்திருந்தார். நான் முளைப்புப் பரிசோதனைக் கொப்பியைக் கொண்டு போனேன்.

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஸ்ரோரில், அதாவது களஞ்சியத்தில், விதைநெல் மூட்டைகள் பத்து அடுக்காக இருக்கும். விநியோகத்துக்கு முன் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பிடி நெல் எடுப்போம். அதில் நூறு நெல்லை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்தால், ஒரு கிழமையில் எத்தனை முளைத்தது என்று தெரியும். எண்பத்தைந்துக்கு மேல் முளைத்தால் விதைக்கலாம். ஸ்ரோர் பொறுப்பாளர் யோகன் பத்து எண்களையும் எழுதி, கூட்டி, பத்தால் பிரித்து, ஒரு கோடு இழுத்து, கீழே சராசரியைப் போடுவார். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவேன்.

இந்தமுறை சராசரி எண்பத்தேழு. வகுப்பில் கொஞ்சம் பெருமையாகத்தான் வாசித்தேன்.

"நல்லது அக்கா," என்றார் மிஸ். "இப்ப அந்தப் பத்தையும் ஒரு கோட்டிலை புள்ளியாப் போட்டுப் பாருங்கோ."

போட்டேன். தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று ஒன்று, தொண்ணூற்று நான்கு... ஒன்பது புள்ளிகள் வலது பக்க ஓரத்தில் நெருக்கியடித்து நின்றன. மிச்சம் இருந்த ஒன்றுக்கு இடம் தேடி என் பேனா இடது பக்கமாகப் போனது. போய்க்கொண்டே இருந்தது.

நாற்பத்திரண்டு. எட்டாம் அடுக்கு.

அந்த எண்ணை நான் முதலே பார்க்கவில்லையா? கண்ணில் பட்டிருக்கும். ஆனால் நான் எப்போதும் கோட்டுக்குக் கீழே இருப்பதைத்தான் வாசிப்பேன். எண்பத்தேழு பொய்யும் இல்லை. பத்தையும் கூட்டிப் பிரித்தால் அதுதான் வரும். ஆனால் எந்த விவசாயி பத்து அடுக்கையும் கலந்து விதைக்கிறார்? ஒருவருக்கு ஓர் அடுக்கில் இருந்துதான் மூட்டை போகும். எட்டாம் அடுக்கு யாருக்குப் போனதோ, அவருக்கு எண்பத்தேழு இல்லை. பாதிக்கும் குறைவு.

விநியோகம் வியாழனும் வெள்ளியும் முடிந்திருந்தது.

வெளியே விறாந்தைக்கு ஓடி வந்து யோகனுக்குப் போன் எடுத்தேன்.

"யோகன், எட்டாம் அடுக்கு ஸ்ரோரிலை நிக்குதோ?"

"இல்லை அக்கா. அது வியாழக்கிழமையே முடிஞ்சுது. தர்மபுரம், விசுவமடு ஆக்களுக்குப் போனது. ஒன்பது குடும்பம்."

"அதுக்கு நாப்பத்திரண்டு எண்டு போட்டிருக்கு!"

"அந்தத் துணி காய்ஞ்சு போச்சாக்கும் எண்டு நினைச்சன் அக்கா. சராசரி சரியா வந்தபடியா விட்டிட்டன்." பிறகு இன்னும் மெதுவாக, "அந்தப் பக்கச் சுவர் கொஞ்சம் ஈரமாத்தான் இருந்தது..."

சங்கத் தலைவருக்கு எடுத்தேன். அறுபது தாண்டிய மனிதர், வாழ்நாள் முழுக்க வயல் செய்தவர்.

"ஒரு பிடி நெல்லு. நூறே நூறு. அதை வைச்சு ஒன்பது குடும்பத்தைக் கலக்கப் போறியளே, தங்கச்சி?" என்றார். "திரும்ப ஒருக்காப் போட்டுப் பாப்பம். ஒரு கிழமைதானே."

ஒரு கிழமை! வானத்தைப் பார்த்தேன். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது.

நெல்லை ஊறவைத்து, முளை வந்த பிறகு விதைக்கிறவருக்கு, கெட்ட விதை சாக்குக்குள்ளேயே தெரிந்துவிடும். ஆனால் விசுவமடுப் பக்கத்தில் இந்த ஒன்பது பேரும் மாரிமழையை நம்பும் காலபோகத்துக்குப் புழுதி விதைப்புச் செய்கிறவர்கள். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல்லை எறிந்துவிட்டுக் காத்திருப்பார்கள். மழை பெய்து, பத்து நாள் போய், வயல் மொட்டையாக நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். அப்போது பருவமும் போயிருக்கும். நல்ல விதைநெல்லும் எங்கேயும் இராது.

ஆனால் தலைவர் சொன்னது பிழையா? துணி காய்ந்திருந்தால்? நான் ஊரைக் கலக்கி, அவர்கள் விதைக்காமல் நிற்க, மழை வந்துவிட்டால்? பிறகு நெல் நல்லது என்று தெரிந்தால் சங்கத்தின் வாசலை யார் மிதிப்பார்கள்?

திரும்பி வகுப்புக்குள் போனேன். மிஸ் என் முகத்தைப் பார்த்ததும் சோக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"மிஸ், இது பிழையான எண்ணா இருக்குமோ?"

"இருக்கலாம் அக்கா. ஒரு மாதிரியை வைச்சு என்னாலை சொல்ல ஏலாது."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

அவர் என் தாளை வாங்கிப் பார்த்தார். "நீங்கள் இரண்டு விதமாப் பிழை விடலாம். நல்ல நெல்லைக் கூடாதெண்டு சொல்லலாம். கூடாத நெல்லை நல்லதெண்டு விடலாம். எந்தப் பிழையைப் பிறகு திருத்தலாம்? எதைத் திருத்த ஏலாது?"

பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது, சூத்திரம் இருக்கிறது. எனக்கு அன்றைக்கு இரண்டும் தேவைப்படவில்லை. ஸ்ரோரில் மிச்சமிருந்த நல்ல அடுக்கு மூட்டைகளை ஏற்றச் சொல்லி யோகனுக்குப் போன் எடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பரந்தன் வரைக்கும் ஸ்கூட்டியை நிறுத்தி நிறுத்திப் போன் எடுத்தேன். "விதைக்காதேங்கோ. நெல்லிலை சந்தேகம். யோகன் வேறை மூட்டை கொண்டு வாறார்." ஒருவர் உழவு மெசினை வயலுக்குள் இறக்கிவிட்டு நின்றார். இன்னொருவர் சாக்கை அவிழ்த்துவிட்டாராம். ஏழு பேர் விதைக்கவில்லை. ஏழு பேர்!

இரண்டு போன்கள் மட்டும் அடித்து அடித்து ஓய்ந்தன. ஒன்று தர்மபுரத்துக் கணேசன்; வழியில் எட்டிப் பார்த்தேன், வீடு பூட்டிக் கிடந்தது. மற்றது இராசம்மா அக்கா.

இராசம்மா அக்கா மலையகத்திலிருந்து சிறு பிள்ளையாகத் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். கணவர் இல்லை. விசுவமடுவில் இரண்டு ஏக்கர். நான் போய்ச் சேர்ந்தபோது வரம்பில் உட்கார்ந்து கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெறும் சாக்குகள் மடித்துக் கிடந்தன.

அந்தச் சாக்குகளைக் கண்டதும் ஸ்கூட்டியிலிருந்து இறங்கவே எனக்குப் பயம்.

"இப்பதான் முடிச்சேன் தங்கச்சி," என்று சிரித்தார். "மழைக்கு முந்தி முடிச்சிட்டேன்."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவருடைய சிரிப்பு ஒரேயடியாக மறையவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

"பாதி முளைக்காதா?"

"தெரியாது அக்கா."

"எது முளைக்கும், எது முளைக்காதுன்னு..."

"தெரியாது அக்கா."

ஒரு முகாமையாளர் வாயிலிருந்து வரக்கூடிய மிகக் கேவலமான சொல் 'தெரியாது' என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு என்னிடம் இருந்த ஒரே உண்மை அதுதான்.

அவர் வயலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். அவர்தான் முதலில் எழும்பினார்.

"வேற நெல்லு வருதுன்னீங்களே, எப்ப வரும்?"

"யோகன் வந்துகொண்டிருக்கிறார்."

"அப்ப இதுக்கு மேலயே இன்னொரு தடவ முழுசா விதைக்கிறேன். கூடிப்போனா புடுங்கி எறியலாம். மொளைக்காதத எங்க போய்ப் புடுங்குறது?"

மிஸ் கேட்ட கேள்விக்கு விடை, வரம்பில் நின்றபடி, ஒரே மூச்சில். பாராட்டவெல்லாம் எனக்கு நேரமில்லை. யோகனின் லான்ட்மாஸ்டர், அந்தச் சின்ன உழவு இயந்திரம், வந்ததும் மூன்று பேரும் மூட்டை இறக்கினோம். யோகன் அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தலை குனிந்தபடி, அவரே ஒரு பனையோலைக் கடகத்தில் நெல்லை அள்ளிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். பொழுது சாயும்போது முடிந்தது.

திங்கள் பின்னேரம் மழை கொட்டியது.

அந்த ஏழு பேரிடமிருந்து திரும்பி வந்த மூட்டைகளில் இந்தமுறை ஒழுங்காக மாதிரி எடுத்தோம். ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவில், அடியில் என்று. துணி காயாமல் காலையும் மாலையும் நானே தண்ணீர் தெளித்தேன். கடைசியில் எண்ணியபோது முப்பத்தெட்டு, நாற்பத்தைந்து, நாற்பது... ஒன்றுகூட ஐம்பதைத் தொடவில்லை.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நெல் கெட்டது என்று உறுதியானதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் சொன்னது சரியாகிவிட்டதாம்! அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ஏனென்றால் கணேசன் என்று ஒருவர் இருந்தார்.

அவருடைய போன் புதன்கிழமைதான் கிடைத்தது. மனைவி வவுனியா ஆஸ்பத்திரியில். வெள்ளிக்கிழமையே விதைத்துவிட்டு அங்கே போய்விட்டாராம். நான் வகுப்பில் புள்ளி போடுவதற்கு முந்தின நாளே அவருடைய நெல் மண்ணுக்குள் போய்விட்டது.

மழைக்குப் பிறகு அவருடைய வயலைப் பார்க்கப் போனேன். போகாமல் இருக்க எத்தனை சாட்டுத் தேடினேன் என்று எனக்குத்தான் தெரியும். இங்கே ஒரு பச்சைத் திட்டு, அங்கே ஒரு திட்டு. நடுவில் வெறும் சேறு, அதில் தண்ணீர் மின்னியது. ஒன்றரை ஏக்கர். கணேசன் வரம்பில் கைகட்டி நின்றார். மூன்று கிழமை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த முகம். மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

விசுவமடுவில் இராசம்மா அக்காவின் வயலில் நிலைமை நேர் எதிர். இரண்டு தடவை விதைத்ததால் கால் வைக்க இடமில்லாமல் பயிர் நெருக்கம். கணேசனின் கதை காதில் விழுந்ததும் அவர் சொல்லியனுப்பினார்: "எப்பிடியும் புடுங்கத்தான் வேணும். வந்து புடுங்கிக்கிட்டுப் போங்க." சங்கத்துப் பெண்கள் ஆறு பேரோடு நானும் யோகனும் இரண்டு நாள் பிடுங்கினோம், கட்டினோம், லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போய் மொட்டை இடங்களில் நட்டோம். தலைவரும் வந்தார். அந்த நூறு நெல்லைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. முழு வயலும் நிரம்பியதா? இல்லை. தெற்கு மூலை இன்னும் சேறுதான். இந்தப் போகத்தில் அது சேறாகவே இருக்கும்.

இப்போது எங்கள் கொப்பியில் சராசரியோடு புள்ளிக்கோடும் இருக்கிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனிக் கையெழுத்து. ஓர் அடுக்கு குறைந்தாலும் ஸ்ரோர்க் கதவு திறக்காது. இந்தப் புது ஏற்பாட்டை, ஆறுதலாக இருக்கட்டும் என்று, நட்ட அன்றைக்கே கணேசனிடம் சொன்னேன்.

நடவு முடிந்து எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தோம். அவர் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எட்டாம் அடுக்கு சரி அக்கா. மற்ற ஒன்பதும் நல்லதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

எனக்கு மறுபடி வியர்த்தது. உண்மைதானே? அந்த ஒன்பது எண்களும் ஒவ்வொரு பிடி நெல்லிலிருந்து வந்தவைதான். நாற்பத்திரண்டை மட்டும் தலைவர் சந்தேகித்தார், யோகன் சந்தேகித்தார், நானும் சந்தேகித்தேன். தொண்ணூற்று மூன்றைப் பார்த்து 'துணி சரியாக இருந்ததா' என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த அடுக்குகளின் வயல்களெல்லாம் இப்போது பச்சையாகத்தான் நிற்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு வயலையும் தாண்டும்போது ஸ்கூட்டி தானாக மெதுவாகிறது.

நல்ல செய்தியோடு வருகிற எண்ணை மறித்து, யார் அதனிடம் அடையாள அட்டை கேட்கிறோம்?