மாஸ்டரின் காதும் மச்சானின் காதும்

அவரை எல்லாரும் காது மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில், கார்களில் ஸ்பீக்கர் மாட்டுவது. அதை எத்தனையோ பேர் செய்கிறார்கள். இவர் மாட்டியதோடு விடமாட்டார், கேட்பார். டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து, கண்ணை மூடி, ஆம்ப்ளிஃபயரில் உள்ள குமிழைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக் கேட்பார். அப்போது பக்கத்தில் தும்மக்கூட யாருக்கும் தைரியம் வராது. இதே காதுக்கு வீட்டில் காலிங் பெல் மட்டும் கேட்பதில்லை என்பது அவர் மனைவியின் கருத்து.

அந்தக் குமிழுக்கு லோ பாஸ் ஃபில்டர் என்று பெயர். டிக்கியில் உட்காரும் சப்வூஃபர் இடி இடிப்பதற்கென்றே பிறந்தது. அதற்குக் கனத்த சத்தத்தை மட்டும் அனுப்பி, மற்றதை வெட்டிவிடுவது ஃபில்டரின் வேலை. எந்த இடத்தில் வெட்டுவது என்பதைக் குமிழ் தீர்மானிக்கும். மேலே போய் வெட்டினால் பாடுகிறவரின் குரலும் பின்னால் போய்விடும். ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் யாரையோ கட்டிப்போட்டுப் பாடவைத்த மாதிரி இருக்கும். ரொம்பக் கீழே வெட்டினால் பாட்டுக்கு இடுப்பே இருக்காது. சரியான இடம் மாஸ்டருக்குத் தெரியும். அதில்தான் அவர் பெயர் நின்றது.

மருந்துக்கடைக்காரர் தன் காரைக் கொண்டுவந்த அன்று கடை வாசலில் நல்ல கூட்டம். பக்கத்து டயர் கடைக்காரர், டீ குடிக்க வந்த இரண்டு பேர் என்று எல்லாரும் காரைச் சுற்றி நின்றார்கள். டிரைவர் சீட்டில் மச்சான், அதாவது மாஸ்டர் மனைவியின் தம்பி. கடையில் வயர் இழுப்பது அவன் வேலை. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன், அதிகம் பேசமாட்டான்.

மாஸ்டர் குமிழைத் திருப்பினார். "இப்போ?"

"ஆகா, குரல் முன்னாடி வந்துருச்சு மாஸ்டர்!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இப்போ?"

"இப்போ கொஞ்சம் இறுக்கமா இருக்கு," என்றார் டயர் கடைக்காரர். அவருக்கு எல்லாமே காற்று நிரப்புகிற விஷயம்தான்.

"மச்சான், உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் மாறல மாமா."

மாஸ்டர் டிக்கியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். "டேய், நல்லாக் கேளு. இது... இது. தெரியுதா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு மாமா."

"உனக்கு ரெண்டு பக்கமும் இருக்கிறது காதே இல்லடா. கண்ணாடி மாட்டுற கொக்கி!"

எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தான். மருந்துக்கடைக்காரர் முகமெல்லாம் பல்லாகக் காரை ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் மச்சான் அதே கடையில் சீட் கவர் தைத்து மாட்டுகிற பகுதிக்கு மாறிக்கொண்டான். மாஸ்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவிதான் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"உங்க மச்சான் காது டாக்டர்கிட்ட போயிட்டு வந்திருக்கான், தெரியுமா?"

"ஏன், காதுல என்ன?"

"ஒண்ணும் இல்லையாம். பச்சக் குழந்தைக்குக் கேக்குற மாதிரி கேக்குதாம். டாக்டர் சொல்றதை இவன் நம்பல. 'மாமாவுக்குத் தெரியாதது டாக்டருக்கா தெரியும்'ங்கிறான். இனிமே சவுண்டு வேலை பக்கமே போகமாட்டானாம்."

மாஸ்டர் கொஞ்சம் பெருமைப்பட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டாக்டருக்கு மேலே வைத்தால் யாருக்குத்தான் இனிக்காது?

அந்த இனிப்பு மருந்துக்கடைக்காரர் திரும்பி வரும்வரை நீடித்தது. டிக்கியில் ஏதோ கடகடவென்கிறது என்று காரை விட்டுவிட்டு, அவர் டயர் கடையில் அரட்டையடிக்கப் போனார். ஆம்ப்ளிஃபயருக்கு மேலிருந்த மூடியைக் கழற்றிப் பார்த்தால், லூஸான ஸ்க்ரூ ஒன்றுதான். அதை முடுக்கிவிட்டு, வயர்க் கட்டை ஒதுக்கியபோது, அதற்கு அடியில் இருந்த நகக்கண் அளவு சுவிட்ச் மாஸ்டர் கண்ணில் பட்டது. ஃபில்டரை வேலைசெய்ய வைக்கும் சுவிட்ச் அது. அது 'ஃபுல்' என்ற இடத்தில் இருந்தது. ஃபுல்லில் இருந்தால் எல்லாச் சத்தமும் அப்படியே போகும். குமிழை நாள் முழுக்கத் திருப்பினாலும் சுவரைத் தடவுவதற்குச் சமம். அதைத் தள்ளிவிட்டுத்தான் குமிழைத் தொடவேண்டும். தள்ளவேண்டியவர் மாஸ்டர்.

அவருக்குக் காது மடல் வரை சூடேறியது. யாரும் பார்க்கவில்லை. சுவிட்சைத் தள்ளிவிட்டு மூடியை முடுக்கினால் முடிந்தது கதை. மூடியைக் கையில் எடுத்தும்விட்டார். எதிரே வேறொரு காருக்குள் மச்சான் வாயில் க்ளிப்புகளைக் கவ்விக்கொண்டு சீட் கவரை இழுத்துக்கொண்டிருந்தான். நல்ல காது உள்ளவன்.

"மச்சான், இங்க வந்து உக்காரு."

"எனக்கு எதுக்கு மாமா இதெல்லாம்?"

"உக்காருடா."

பாட்டு ஓடியது. மாஸ்டர் குமிழைத் திருப்பினார். "இப்போ?"

"மாறல மாமா." குரலில் மன்னிப்புக் கேட்கிற தொனி. மாஸ்டருக்கு அதுதான் தாங்கவில்லை. சுவிட்சைத் தள்ளிவிட்டு மறுபடி திருப்பினார்.

"இப்போ?"

மச்சான் நிமிர்ந்தான். "மாமா! குரல் முன்னாடி வருது. இன்னும் கொஞ்சம் கீழ... போதும், போதும். இதுதான்." இறங்கி ஓடிவந்து டிக்கிக்குள் குனிந்தான். கண்ணாடியை மேலேற்றி சுவிட்சைப் பார்த்தான். பிறகு மாஸ்டரைப் பார்த்தான்.

அதற்குள் மருந்துக்கடைக்காரரும் டயர் கடைக்காரரும் வந்துவிட்டார்கள். மாஸ்டர் கார் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சார், அன்னிக்கு இந்த ஃபில்டர் வேலையே செய்யல. சுவிட்ச் போட மறந்துட்டேன். ஒண்ணும் மாறலன்னு இவன் சொன்னதுதான் சரி."

மருந்துக்கடைக்காரர் அவர் தோளில் தட்டினார். "மச்சான் மனசு நோகக் கூடாதுன்னு எப்படியெல்லாம் பேசுறீங்க மாஸ்டர்! பெரிய மனசு உங்களுக்கு."

"இல்ல சார், நிஜமாத்தான்..."

"அப்போ எங்களுக்கெல்லாம் கேட்டுச்சே? நாங்க என்ன செவிடா?" என்றார் டயர் கடைக்காரர். கொஞ்சம் கோபமாகவே.

கார் போனது. அவர் பெயர் இன்னும் ஒரு படி உயர்ந்தது. அவர் தரையில் சிதறிக் கிடந்த வயர்த் துண்டுகளைப் பொறுக்கினார். மச்சானும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொறுக்கினான்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? அவங்க சும்மா தலையாட்டினாங்க, சரி. நீங்க? அன்னிக்கு உங்களுக்கு நிஜமாவே மாறின மாதிரி கேட்டுச்சா?"

மாஸ்டர் கையிலிருந்த வயர்த் துண்டைக் குப்பையில் போட்டார்.

"கேட்டுச்சுடா," என்றார். "அதான் அசிங்கமா இருக்கு."