மகள் தர மறுத்த சீப்பு

பிள்ளை வளர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். பலாபத்வலவில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிநேகிதி அவள். கைக்குழந்தையோடும் ஏழு வயது மகளோடும் திண்டாடிய ஒரு பகலில், "இதுகள விட்டுட்டு எங்கயாச்சும் ஓடிறலாம் போல இருக்குடி" என்று வட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். அவளோ அதை என் மகளுடைய வகுப்புத் தாய்மார் குழுவில் போட்டுவிட்டாள். கேட்டதற்கு, "சும்மா சிரிக்கத்தான் போட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை பின்னல் போட மகளைக் கூப்பிட்டேன். அவள் சீப்பைத் தரவில்லை. குழுவில் வந்த என் குரலை அவளும் கேட்டிருந்தாள்.

"நானே பின்னிக்கிறேம்மா. தம்பியையும் பாத்துக்கிறேன். நீங்க போயிறாதீங்க."

கோணல் பின்னலோடு பள்ளிக்கூட வேனில் ஏறிப் போனாள். அதுவரை துரோகம் செய்தவள் சிநேகிதி ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

மூன்று வருடமாகிறது. சிநேகிதியோடு இன்றும் பேச்சில்லை, மன்னிக்கவும் மனமில்லை. மகளுக்குத் தலைவாரும் அந்த ஐந்து நிமிடம்தான் இப்போது என் நாளிலேயே நல்ல நேரம். ஆனால் அவள் நேராகவே பின்னப் பழகிவிட்டாள். சீப்பை நான் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.