கல்யாணப் பந்தலில் அக்காவின் ஒப்பாரி

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். நான் மட்டும் வலையை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் அக்கா வீட்டுக்காரர் புயலில் சிக்கிப் போய்ச் சேர்ந்தார். படகும் வலையும் கரை ஒதுங்கின, ஆள் கிடைக்கவில்லை. "வலையும் வந்துச்சே, படகும் வந்துச்சே, உன்ன மட்டும் காணோமே" என்று அக்கா மாரடித்துப் பாடினாள். துக்கம் கேட்க வந்த என் தொழிற்சாலைக் கூட்டாளி அதைக் கேட்டுக்கொண்டே நின்றான். அவன் மெல்லிசைக் கச்சேரிகளில் பாடுகிறவன்.

இரண்டு மாதம் கழித்து, அந்த ஒப்பாரியைப் பதிவு செய்ய டேப் ரிக்கார்டரோடு வந்துவிட்டான். காரியம் முடிந்தபின் வீட்டில் ஒப்பாரி பாடினால் இன்னொரு சாவு விழும் என்பது எங்கள் குப்பத்து நம்பிக்கை. அக்கா மாட்டவே மாட்டேன் என்றாள். மெட்ராஸ் வரை பழக்கமுள்ளவன் நம் வீடு தேடி வந்திருக்கிறானே என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. "எனக்கோசரம் பாடுக்கா" என்று கெஞ்சினேன். வீட்டைவிட்டு வந்து, படகுகள் கட்டியிருந்த இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

அடுத்த வருடம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒலிபெருக்கி அலறியது. "பஸ்ஸும் வந்துச்சே, ரயிலும் வந்துச்சே, உன்ன மட்டும் காணோமே!" அதே மெட்டு. நடுநடுவே விசில், கிளுகிளு சிரிப்பு வேறு! குரல் என் கூட்டாளியுடையது. அட பாவி! இப்போது ஊரெல்லாம் இந்தப் பாட்டுதான் என்றார் மைக் செட்காரர். பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி ஆடினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த ரெக்கார்டைப் பிடுங்கி உடைக்க எழுந்தேன். பந்தலுக்கு வெளியே ஒதுங்கி நின்றிருந்த அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"வாயத் தொறக்காத தம்பி. சாவுப் பாட்டுன்னு தெரிஞ்சா பொண்ணு மனசு இன்னா ஆவும்? மொதல்ல தாலி ஏறட்டும்."

பாட்டு முடியும்வரை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய துக்கத்துக்குத்தான் அத்தனை பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் தொழிற்சாலை வேலையை விட்டுப் போயிருந்த கூட்டாளியை ஒருநாள் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் பிடித்தேன். "இதுக்கு இன்னாத்துக்குப்பா பேஜார் பண்ற? அழுவாச்சிய எவன் கேப்பான்? நான் மாத்துனதாலதான் ஊரே பாடிக்கினு கீது" என்றான். அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையைப் பிடித்தேன். சுற்றி நின்றவர்கள் விலக்கிவிட்டார்கள்.

இன்றும் எங்காவது அந்தப் பாட்டைப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன். அவனை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆனால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். மாட்டேன் என்றவளைக் கெஞ்சிப் பாடவைத்தது நான்தானே.