பட்டப்பகலில் ஒரு விளக்கு

விளக்கு விற்கிறவனிடம் வெளிச்சத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். எந்தக் கடையிலாவது மேசைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இது தெரியும். மருந்துக் கடைக்காரர்களுக்கும் டயர் கடைக்காரர்களுக்கும் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என்னுடையது காரைக்கால் கடைத்தெருவில் மின்சாமான் கடை. பக்கத்துக் கடை நசீர் பாயுடையது. அவர் வண்ணமீன் மட்டும் விற்றுக்கொண்டிருந்தவரை எனக்குத் தொந்தரவில்லை. பிறகு இகுவானா விற்கத் தொடங்கினார். முதுகில் சீப்பைச் செருகிவைத்தது போலிருக்கும் பச்சை நிறப் பெரிய ஓணான். வாங்குகிறவர்களிடம், "பல்புக்குப் பக்கத்துக் கடை" என்று கையைக் காட்டிவிடுவார். அப்படி ஆரம்பித்தது.

ஜீரோ வாட்ஸ்

குரும்பகரம் ராமலிங்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். கொஞ்சம் நெல் நிலமும் உண்டு. அவருடைய ஒரே மகன் இகுவானா ஒன்றை வாங்கி, மணி என்று பெயர் வைத்து, பெரிய கூண்டும் செய்துவிட்டு, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். "மணியை மட்டும் சாக விட்டுடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினானாம். கூண்டு விளக்குகள் உடைந்துபோனதால் ராமலிங்கம் என் கடைக்கு வந்தார்.

இரண்டு விளக்கு வேண்டும் என்றேன். ஒன்று சூட்டுக்கு, அதற்குக் குண்டு பல்பு போதும். மற்றது யூ.வி. பல்பு. வெயிலில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத கதிரைத் தருவது. அந்தக் கதிர் மேலே படாவிட்டால் எவ்வளவு தின்றாலும் சத்து எலும்பில் சேராது, எலும்பு வளைந்துபோகும், கடைசியில் உயிரே போகும். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஜீரோ வாட்ஸ் பல்பு இருக்கிறதா என்றார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, சொன்ன இரண்டையும் எடுத்து அவர் பையில் நானே வைத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு அவர் சொன்னார்: "இவ்ளோ பெருசு எதுக்கு தம்பி, அது என்ன பரீட்சைக்கா படிக்கப்போவுது?"

விலைக்கு வெயில்

வெயிலில் காட்டினால் பல்பே தேவையில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன். ராமலிங்கம் ஒருநாள் மணியை வாசலில் விட்டிருக்கிறார். அது முருங்கை மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. கீழே நாய்கள், மேலே காக்கைகள், ஓணான் என்றாலே கல்லெடுக்கும் தெருப்பிள்ளைகள். இறக்குவதற்குள் பாதிக் கிளை முறிந்தது. அதன்பிறகு வெளியே விடுவதில்லை.

இதை அவர் கடையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கோட்டுச்சேரிமேட்டுப் படகுக்காரர் ஒருவர் தன் படகுக்கு விளக்கு வாங்க வந்து காத்திருந்தார். யூ.வி. பல்புப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன என்று கேட்டார். பெட்டிக்குள் இருப்பது ஒருவகையில் வெயில்தான் என்றேன். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, என்னை ஏதோ மோசடியில் பிடித்துவிட்டவர் போலப் பார்த்தார். "நாங்க வெயிலு தாங்காம தார்ப்பாய் கட்டிக்கிட்டுக் கெடக்கோம். நீங்க அதைப் பொட்டியில போட்டு வெச்சிருக்கீங்களா?"

புகார் இல்லை

வாடிக்கையாளர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. சரக்கு அனுப்புகிறவர் ஒருமுறை புதுப் பல்புகள் அனுப்பினார். அட்டையில் பச்சை ஓணான் படம், பாலைவனம், சூரியன் எல்லாம் இருந்தன. உள்ளே இருந்தது ஊதா வெளிச்சம் தருகிற சாதாரண எல்.ஈ.டி. திருவிழாப் பந்தலில் தொங்கவிடலாம். அதை நம்பி ஒரு உயிரைக் கூண்டில் வைத்தால் அது மெல்ல மெல்லச் சாகும்; வைத்தவனுக்கு ஏன் என்றுகூடத் தெரியாது.

போனில் கத்தினேன். பொதுவாக நான் கத்துகிறவன் அல்ல. அவர் கடைசிவரை குரலை உயர்த்தவில்லை. "எத்தனையோ கடைக்குப் போட்டிருக்கேன் சார். இதுவரைக்கும் ஒரு ஓணான்கூட போன் பண்ணலை."

கண்ணாடி

ராமலிங்கம் மறுபடி வந்தார். மணி சரியாகத் தின்பதில்லை, முன்னங்கால்கள் நடுங்குகின்றன என்றார். பல்பை எப்படி மாட்டியிருக்கிறார் என்று கேட்டேன். கைபேசியில் படம் காட்டினார். கூண்டின் மேல் ஒரு தடித்த கண்ணாடி; அதற்கு மேலே விளக்கு. பல்லி விழுந்துவிடக்கூடாது என்று பழைய ஷோகேஸ் கண்ணாடியை அறுத்துப் போட்டாராம். வேலைப்பாடு சுத்தமாக இருந்தது.

அந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வராது என்றேன். கண்ணாடியை எடுத்துவிட்டுக் கம்பிவலை போடச் சொன்னேன். விளக்கு ஒரு முழ உயரத்துக்குள் இருக்கட்டும், பகல் முழுவதும் எரியட்டும் என்றேன். அவர் நம்பவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எனக்கு எல்லாமே கண்ணாடி வழியாத்தானே தம்பி தெரியுது?"

மாலை

கண்ணாடியை எடுத்தார், வலை போட்டார். மணி இன்னும் மோசமானது. கால்நடை மருத்துவர் தாடையைத் தொட்டுப் பார்த்து, எலும்பு இளகியிருக்கிறது, மருந்து தருகிறேன், ஆனால் வெளிச்சம் இல்லாமல் மருந்து மட்டும் காப்பாற்றாது என்று சொல்லிவிட்டார். ராமலிங்கம் நேராக என் கடைக்கு வந்து, போலிப் பல்பை விற்றுவிட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொன்னார். "மவன் தெனமும் போன்ல மணியைக் காட்டச் சொல்றான். தூங்குதுன்னு சொல்லி எத்தனை நாள் ஏமாத்துறது?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் தணியவில்லை. கடையை நசீர் பாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ராமலிங்கத்துடனேயே குரும்பகரத்துக்குப் போனேன்.

நல்ல உச்சி வெயில். கூடத்தில் கூண்டு இருட்டாக இருந்தது. மணி பலகைமேல் நீட்டிப் படுத்துக் கிடந்தது. கண்ணை மட்டும் திறந்தது. சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது. ராமலிங்கத்தின் மனைவி வசந்தா சமையலறையிலிருந்து பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரையும் செம்பருத்திப் பூவும் எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாக அதன் வாயருகே வைத்து, "ஒரு வாய் தின்னுடா" என்று கெஞ்சினார். அக்கறை இல்லாத வீடு என்று யாரும் சொல்ல முடியாது.

"விளக்கு ஏன்க்கா எரியலை?" என்றேன். தினமும் தவறாமல் ஏற்றுவதாகச் சொன்னார். சாயங்காலம் சாமி விளக்கு வைத்த கையோடு இதையும் போடுவாராம். படுக்கப் போகும்போது அணைப்பாராம். காலையில் கணவர் போட்டுவிட்டுப் போனால், அவர் தெரு திரும்புவதற்குள் இவர் அணைத்துவிடுவாராம். ராமலிங்கத்துக்கு இது அப்போதுதான் தெரிந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் பேசினேன். பகல் முழுவதும் என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேனே, ஒரு உயிரை இருட்டில் போட்டுவிட்டு என் பல்பைப் போலி என்கிறீர்களே என்று என்னென்னவோ பேசினேன். வசந்தா தட்டைக் கீழே வைத்தார். கூண்டை அல்ல, வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீட்டிப் படுத்துக் கெடக்கிறதோட தலைமாட்டுல பட்டப்பகல்ல வெளக்கு எரிஞ்சா, பாக்கிறவங்க மாலை வாங்கிட்டு வந்துட மாட்டாங்களா தம்பி?"

கால்மாடு

இதற்கு எந்தப் பெட்டியிலும் பதில் எழுதியிருக்கவில்லை. மணியின் தலைமாட்டைப் பார்த்தேன். அந்த அம்மாள் சொன்னது போலத்தான் இருந்தது. அந்த வீட்டில் பகலில் தலைமாட்டு விளக்கு எப்போது எரிந்தது, யாருக்கு எரிந்தது என்று நான் கேட்கவில்லை. கோபம் மட்டும் போகவில்லை. யார்மேல் கோபம் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

கதிர் உடம்பில் எங்கே பட்டாலும் வேலை செய்யும் என்றேன். தலைமாட்டில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. "கால்மாட்டுல வெச்சா சம்மதமா?" என்றேன். வசந்தா யோசித்தார். அப்படி யாருக்கும் வைப்பதில்லை என்று முடிவுசெய்த பிறகு, சரி என்றார். ஹோல்டரைக் கழற்றி, வால் இருந்த பக்கமாக நானே மாட்டிக் கொடுத்தேன். காலையில் தன் கையாலேயே போட்டு, சாமி விளக்கு ஏற்றும் நேரத்தில் அணைப்பதாக ஒப்புக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப்பார்த்தேன். ஒரு முன்னங்கால் கோணலாகவே நின்றுவிட்டது. மற்றபடி மணி நன்றாக இருந்தது. கீரையைத் தட்டிலிருந்து இழுத்துத் தின்றது. சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டால் இப்போது கூண்டுக்கு எதிரிலேயே போனை வைத்துவிடுகிறார்களாம். விளக்கு நான் மாட்டிய இடத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. ஆனால் மணி பலகையில் முழுதாகத் திரும்பி, அதன் கீழே தலையை வைத்துக் கண்மூடிக் கிடந்தது. நடுவில் ஒருமுறை விளக்கை மறுகோடிக்கு மாற்றிப் பார்த்தார்களாம். மணியும் மாறிப் படுத்ததால் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்களாம். நான் வசந்தாவைப் பார்த்தேன். அவர் முறத்தில் இருந்த கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "நான் கால்மாட்டுலதான் வெச்சேன் தம்பி. அதுவா வந்து தலையைக் குடுத்தா நான் பொறுப்பில்லை."

இத்தனை வருட வியாபாரத்தில் விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்று என்னிடம் வாதாடாத ஒரே வாடிக்கையாளர் மணிதான். அதுவும் என் கடைக்கு ஒருநாளும் வந்ததில்லை.