ஊருக்குத் திறக்காத 8001

ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் வாசலிலிருந்து பழனி மாமா போன் செய்தார்.

"கண்ணு, காலையில இருந்து லாரி நிக்குது. டோக்கன் வர மாட்டேங்குது. உங்க கம்பெனி சாப்ட்வேர்தான?"

எங்களுடையதுதான். மாமா வருஷம் முழுக்கப் பாடுபட்டு விளைவித்த குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, அத்தனையும் அந்த லாரியில். வெயிலில் நின்றால் மாவுச்சத்து இறங்கும், விலை அடிபடும். லேப்டாப்பைத் திறந்தேன்.

டோக்கன் தரும் சாப்ட்வேரின் ஒவ்வொரு வேலையும் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள், பல சர்வர்கள் சேர்ந்த ஒரு கிளஸ்டரில் ஓடுகிறது. எது படுத்துவிட்டது என்று கண்டுபிடிக்கும் கருவியை எழுதியவன் என்னோடு வேலை செய்யும் பிரகாஷ். அவன் ஊரான முள்ளுக்குறிச்சியில் இன்டர்நெட் லைன் போனதால் அன்று எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தான். அம்மா சும்மா விடுவாரா? காயும் மிளகுக்கு அவனையே காவல் போட்டிருந்தார்.

கிளஸ்டரின் சாவி என்னிடம். அவன் கருவியோ நிலவரத்தைக் கிளஸ்டரின் ஏபிஐ என்ற கேள்வி வாசலில் கேட்க வேண்டும். நடுவில் நின்று கேட்டுத் தரும் பிராக்ஸியை எழுப்ப kubectl proxy என்று தட்டினேன். இனி என் லேப்டாப்பின் 8001 போர்ட்டில் யார் கேட்டாலும் பிராக்ஸி என் சாவியைக் காட்டிப் பதில் வாங்கித் தரும்.

"லோக்கல்ஹோஸ்ட்ல தொறந்துட்டேன், பாரு" என்று மாடிக்குக் கத்தினேன்.

"ஒண்ணும் வரலீங்கக்கா."

எப்படி வரும்? நான் திறந்தது என் லேப்டாப்புக்குள் மட்டும்; அவன் லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அவன் லேப்டாப்தான். அவசரத்தில் இருவருக்கும் அது உறைக்கவில்லை.

அதற்குள் போனில் வந்த மேனேஜர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஈஸ்வரி, வைஃபைல இருக்குற எல்லாருக்கும் தொறந்து வுடுங்க. கொஞ்ச நேரந்தான, எவன் பார்க்கப் போறான்?"

ஒரு வரி மாற்றினால் போதும். விரல் அதற்கே போனது. சட்டென்று நிறுத்தினேன்.

"சார், எங்கூட்டு வைஃபைல பாதி எடப்புளி நாடே இருக்குதுங்க."

பொய்யில்லை. எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; எடப்புளி நாட்டில் முதலில் இன்டர்நெட் லைன் வந்தது எங்கள் வீட்டுக்கு. கேட்டவருக்குப் பாஸ்வேர்டு தர மாட்டேன் என்பது, குடிக்கத் தண்ணீர் தர மாட்டேன் என்பது மாதிரி. மிளகு வாங்க வரும் வியாபாரி போனில்கூட அது இருக்கிறது. திறந்துவிட்டால் அத்தனை பேர் கையிலும் என் சாவி இருப்பது மாதிரி; கிளஸ்டரில் எதையும் நிறுத்தலாம், அழிக்கலாம்.

"மிளகை வுட்டுட்டுக் கீழ வா, பிரகாஷ்."

"அம்மா வைவாங்கக்கா."

"வையட்டும்."

கருவியைப் போட்ட பென்டிரைவோடு ஓடி வந்தான். கருவி என் லேப்டாப்பிலேயே ஓடி, 8001-ஐக் கேட்டது. பதில் கொட்டியது. டோக்கன் எண் போடும் கண்டெய்னர் மெமரி போதாமல் விழுவதும் எழுவதுமாக இருந்தது. வரம்பை உயர்த்தினேன். நிமிர்ந்து ஓடியது, அப்புறம் விழவே இல்லை. இருவரும் போட்ட கூச்சலில் கோழிகள் சிதறி ஓடின.

மாமா மறுபடி அழைத்தார். "டோக்கன் வந்திருச்சு சாமி. வண்டி உள்ள போவுது."

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். பிராக்ஸியை உங்கள் லேப்டாப்புக்கு வெளியே விடாதீர்கள். யாருக்குத் தேவையோ அவரை எழுந்து உங்களிடம் வரச் சொல்லுங்கள். மில் வாசலில் நிற்பது சொந்த மாமாவின் லாரியே ஆனாலும்.