பூனைக் கோயிலும் எங்கள் துடக்கும்

என் கணவரின் சித்தப்பா கனடாவில் செத்துப்போனார். அவரை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. ஆனாலும் லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுக்குச் சாவுத் துடக்கு, தீட்டு, வந்து சேர்ந்துவிட்டது. துடக்குக் கழியும்வரை கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். அது பிங்கோவுக்கும் பொருந்துமா என்று கேட்டால் நான் எங்கே போவேன்?

கேட்டது மச்சாள், கணவரின் தங்கச்சி. கல்யாணம் கட்டாதவள். லண்டனுக்கு வந்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். வந்த புதிதில் வாயே திறக்கமாட்டாள். பிறகுதான் போனில் இந்தப் பிங்கோ என்கிற எண் விளையாட்டு பிடிபட்டது. காசு வைக்காமல் ஆடுகிற பகுதி என்று தெரிந்த பிறகே நான் பேசாமல் விட்டேன். எண்ணைக் கூப்பிடுவதும் போன், சீட்டில் அடையாளம் போடுவதும் போன், வென்றால் வெடி கொளுத்திக் கும்மாளமடிப்பதும் போன்.

"இதிலை உமக்கு என்ன வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கதைக்கிறது," என்றாள்.

உண்மைதான். ஆடுகிறவர்களை அது குழுக்களாகப் பிரித்துவிடும். இவளுடைய குழுவில் இங்கிலாந்தின் எங்கெங்கோ மூலைகளில் இருக்கிற வெள்ளைக்காரப் பெண்கள். எல்லாருக்கும் பொய்ப்பேர். முழங்கால் நோவு, மழை, இரவுச் சாப்பாடு என்று இவளும் தட்டுத்தடுமாறி இங்கிலீசில் எழுதுவாள். நாங்கள் யாரும் அறிமுகம் செய்துவைக்காமல், அவளாகத் தேடிக்கொண்ட சினேகிதம் இந்த நாட்டில் அது ஒன்றுதான்.

அந்த விளையாட்டு மாதத்துக்கு ஒரு வேஷம் போடும். போன மாதம் கடற்கொள்ளைக்காரர் கப்பல். சனியன், இந்த மாதம் பார்த்து எகிப்துக் கோயில். சீட்டு, புதையல், அரட்டை எல்லாமே கோயிலுக்குள். சில நாள் தலைகாட்டாவிட்டால் குழுவிலிருந்து அதுவே வெளியே தள்ளிவிடும்.

"துடக்கோடை கோயிலுக்குள்ளை எப்பிடிப் போறது, அண்ணி?"

"அது வெறும் படம், பிள்ளை."

"சாமிப் படத்தையும் துடக்கிலை தொடமாட்டம்தானே?"

கணவர் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று நழுவிவிட்டார். இப்படியான நேரத்தில்தான் அவருக்கு ஷிப்ட் ஞாபகம் வரும். கடைசியில் கோயில் ஐயருக்கு நானே போன் அடித்தேன்.

"என்ன கோயில் பிள்ளை?"

"எகிப்துக் கோயில் ஐயா. பிங்கோவிலை."

"மூலஸ்தானத்திலை ஆர்?"

"பூனை."

"கொடிமரம்?"

நான் மச்சாளிடம் கேட்டேன். அவள் கோயிலை வெளியிலிருந்தபடியே எட்டிப் பார்த்து, கம்பம் மாதிரி ஏதோ நிற்கிறது என்றாள்.

"அப்ப எதுக்கும் துடக்குக் கழியட்டும் பிள்ளை. பூனையெண்டாலும் சாமி சாமிதானே," என்று ஐயர் போனை வைத்துவிட்டார்.

மச்சாள் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதாள். "என்னை வெளியாலை போட்டிடுவினம் அண்ணி. பிறகு ஆரோடை கதைப்பன்?" எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. துடக்கில்லாத ஒரு ஆளைப் பிடித்து அவளுக்குப் பதிலாக உள்ளே அனுப்புவது என்று முடிவெடுத்தேன். அகப்பட்டவர் பக்கத்து வீட்டுக்காரர். கோயம்புத்தூர்க்காரர், வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் வேலை.

முதலில் அவர் சிரித்தார். "எல்லாம் நாங்க பண்ற வேலைதாங்க. டெய்லி வந்தா பரிசு, ஒரு நாள் விட்டா எல்லாம் போச்சு. ஒரு நம்பர்ல தோத்தா இன்னொரு ஆட்டம் ஆடத் தோணும். இதுல போய் மாட்டிக்கிட்டாங்களே அக்கா!" ஆனாலும் மச்சாளின் போனை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் போகவில்லை, அவருடைய மனைவி எங்கள் கதவைத் தட்டினாள். "உங்க பூனைக் கோயிலை நீங்களே வெச்சுக்கங்க. மனுஷன் சாப்பிடக்கூட வர்றதில்லை." கேம் செய்கிறவரையே கேம் விழுங்கிவிட்டது என்று நான் உள்ளே போய் விழுந்து விழுந்து சிரித்தேன்.

துடக்குக் கழித்த அன்று அவர் மச்சாளின் போனை ஏதோ பிரசாதம் போல இரண்டு கையாலும் நீட்டினார். "குழுவே இப்ப முதலிடத்துல இருக்குங்க. யாராவது எழுதினா பதில் போட்டாலும் பாயிண்ட் உண்டு. அதான் பதிலும் தானா போற மாதிரி பண்ணி வெச்சேன்."

மச்சாள் சந்தோஷத்தோடு அரட்டையைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனாள். திடீரென்று விரல் நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன்.

குழுவில் ஒருத்தி எழுதியிருந்தாள்: 'இன்று காலையில் என் கணவர் இறந்துவிட்டார். யாராவது இருக்கிறீர்களா?' அதற்குக் கீழே, மச்சாளின் பேரில் தானாகப் போன பதிலாக, தொப்பி போட்ட ஒரு கோழிக்குஞ்சு இடுப்பை ஆட்டி ஆடிக்கொண்டிருந்தது.

'கேத்தில் கொதிக்கிறது.' கீழே கோழிக்குஞ்சு. 'இரண்டு கோப்பை எடுத்துவிட்டேன்.' கோழிக்குஞ்சு. 'அவருடைய செருப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.' அதற்கும் ஒரு ஆட்டம். பொழுதுபடும்வரை அப்படியே போயிருந்தது. இடையில் வேறு யாரும் ஒரு சொல் எழுதவில்லை.

"ஐயோ கடவுளே," என்று மச்சாள் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் வெளிறிப்போய், "நான் அரட்டையைப் பார்க்கவே இல்லைங்க," என்றார். அவரைக் கிழித்துத் தோரணம் கட்டலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் ஆளைப் பிடித்துவந்தது நான்.

நான் எழுதித் தருகிறேன் என்றேன். மச்சாள் விடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தானே இங்கிலீசில் எழுதினாள்: 'மன்னிக்கவும். அந்தக் கோழி நான் இல்லை. எங்கள் வீட்டிலும் சாவு. உங்களுக்காக மிகவும் கவலைப்படுகிறேன்.'

நாங்கள் மூவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். பதில் வந்தது.

'அது நீ இல்லை என்று எனக்குத் தெரியும் கண்ணே. ஆனால் அன்றைக்கு எனக்குப் பதில் சொன்னது அது மட்டும்தான். இன்னொருமுறை அதை அனுப்புவாயா?'

மச்சாள் கண்ணைத் துடைத்துவிட்டு, "அந்தக் குஞ்சு எங்கை கிடக்கு, காட்டுங்கோ," என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் போனை நீட்டினாள்.